டாங்கியில் பெட்ரோல் இருந்தது, கைப்பிடிதான் எட்டவில்லை!

சொந்த விமானத்தில் பறந்த பிரபல பாடகர் கடலில் விழுந்து பலியானது எப்படி?

ஸ்கூட்டரில் போகும்போது நடுரோட்டில் பெட்ரோல் தீர்ந்து விட்டால் என்ன செய்கிறோம்? வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்க்கிறோம். நாலு உதை உதைக்கிறோம். அப்புறம் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் "பங்க்" எங்கே என்று தேடுகிறோம்.

ஆபீசுக்கு அரை மணி நேரம் தாமதம். மேனேஜர் ஒரு முறை முறைப்பார். அவ்வளவுதான்.

ஆகாயத்தில் தீர்ந்தால்?

தள்ளிக்கொண்டு போக முடியாது. இறங்கித்தான் ஆக வேண்டும். கீழே வயலா, வீடா, கடலா என்பது அவரவர் தலையெழுத்து. இதைவிடக் கொடுமை ஒன்றும் இருக்கிறது. ஒரு டாங்கியில் பெட்ரோல் இருக்கும். இன்னொரு டாங்கி காலியாகி என்ஜின் நின்று போகும். அப்படித்தான் உலகப் புகழ் பெற்ற ஒரு பாடகர் உயிரை விட்டார்.

கடற்கரையில் பார்த்தவர்கள்

1997-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. மாலை 5½ மணி இருக்கும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். அங்கே மான்டரே வளைகுடாவை ஒட்டி பசிபிக் குரோவ் என்று ஒரு ஊர். கடலைப் பார்த்த வீடுகள். கரையில் காற்று வாங்க வந்த ஜனங்கள்.

அப்போது ஒரு குட்டி விமானம் கடலுக்கு மேலே தாழ்வாகப் பறந்து வந்தது. 350 அடி முதல் 500 அடி உயரம் இருக்கலாம் என்று பிறகு சாட்சி சொன்னார்கள். பார்ப்பதற்கே விசித்திரமான விமானம். சின்ன இறக்கை முன்னால், பெரிய இறக்கை பின்னால், என்ஜினும் பின்னால்.

திடீரென்று "பட், பட்" என்று ஒரு சத்தம். என்ஜின் ஓசை அடங்கியது. அடுத்த கணம் விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு கடலில் பாய்ந்தது.

கரையிலிருந்து எவ்வளவு தூரம் தெரியுமா? சுமார் 150 கஜம்தான்.

உள்ளே இருந்தது ஒரே ஒரு ஆள். ஜான் டென்வர். வயது 53. ரேடியோவிலும் இசைத்தட்டிலும் ஆங்கிலப் பாட்டு கேட்டவர்கள் அவர் குரலைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். கிராமத்துப் பாதையைப் பற்றியும் மலையைப் பற்றியும் கிடாரை மீட்டிப் பாடியவர். ஜெட் விமானம் ஏறிப் போகும் காதலனைப் பற்றி அவர் எழுதிய பாட்டு உலகமெங்கும் ஓடியது.

விமானம் அவருக்குப் புதிதல்ல. அப்பா அமெரிக்க விமானப்படையில் அதிகாரி. மகனும் 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவசாலி. அப்படிப்பட்டவர் கரைக்குப் பக்கத்திலேயே விழுந்து செத்தது எப்படி?

போலீஸ் துப்பறிவது போல, விமான விபத்தைத் துப்பறிவதற்கென்றே அமெரிக்காவில் ஒரு அமைப்பு உண்டு. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் என்று பெயர். அந்த அதிகாரிகள் கடலுக்கு அடியிலிருந்து துண்டு துண்டாக வாரி எடுத்து வைத்து விசாரித்தார்கள்.

சதி இல்லை. குண்டு இல்லை. குடியும் இல்லை. குடிபோதையில் கார் ஓட்டிய வழக்குகளால், விமானி வைத்திருக்க வேண்டிய மருத்துவச் சான்றிதழ் அவருக்குச் செல்லாமல் போயிருந்தது உண்மை. ஆனால் அன்றைக்கு உடம்பில் மது இல்லை என்று பரிசோதனை காட்டியது.

துப்பு கிடைத்தது ஒரு சின்ன வால்வில்!

தோளுக்குப் பின்னால் ஒரு திருகு

பழைய பஜாஜ் ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சீட்டுக்குக் கீழே ஒரு திருகு இருக்கும். வண்டி திக்கித் திணறினால் கையைக் கீழே விட்டு "ரிசர்வ்" பக்கம் திருப்ப வேண்டும். பழகின கை, பார்க்காமலே திருப்பும்.

சின்ன விமானத்திலும் அதே கதைதான். இடது இறக்கைப் பக்கம் ஒரு டாங்கி, வலது பக்கம் ஒரு டாங்கி. எதிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று ஒரு திருகால் மாற்ற வேண்டும்.

டென்வர் வாங்கிய விமானத்தின் பெயர் "லாங் ஈசி". பர்ட் ரூட்டன் என்ற நிபுணர் வடிவமைத்தது. இது கம்பெனியில் செய்து வருவதில்லை. வரைபடத்தை வாங்கி, ஆர்வமுள்ளவர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்வது. டென்வரின் விமானமும் அப்படி ஒருவர் கட்டியதுதான். டென்வர் அதைப் பழைய விமானமாக வாங்கினார்.

வரைபடப்படி அந்தத் திருகு விமானியின் கால்களுக்கு நடுவே, கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும். கட்டியவர் என்ன நினைத்தாரோ! விமானி உட்காரும் அறைக்குள் பெட்ரோல் குழாய் வர வேண்டாம் என்று, திருகை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டு போய் வைத்துவிட்டார்.

எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டாங்கி என்று எழுதியும் வைக்கவில்லை.

பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடியும் முன்னால் இல்லை. அதுவும் முதுகுக்குப் பின்னால். அதிலும் அளவு குறிக்கவில்லை. இன்னொரு கூத்து: டென்வரின் கால் பெடலுக்கு எட்டவில்லை என்று முதுகுக்கு மெத்தை வைத்து முன்னால் தள்ளி உட்கார வைத்தார்கள். கால் எட்டியது. பின்னால் இருந்த திருகு இன்னும் தூரம் போய்விட்டது.

கண்ணாடியும் குறடும்

முதல் நாள் அவருக்கு அந்த விமானத்தில் கிடைத்த பயிற்சி சுமார் அரை மணி நேரம்தான். பிறகு சாந்தா மரியா என்ற ஊரிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு மான்டரே வந்து சேர்ந்தார்.

மறுநாள் மாலை. மறுபடி பறக்கக் கிளம்பினார். கூட இருந்த மெக்கானிக் விவரம் தெரிந்தவர். திருகு எட்டவில்லையே என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். குறடு ஒன்றை எடுத்துத் திருகில் மாட்டி, கைப்பிடியை நீளமாக்கிப் பார்த்தார்கள். அப்போதும் எட்டவில்லை.

பின்னால் இருக்கும் பெட்ரோல் அளவைப் பார்ப்பதற்கு மெக்கானிக் ஒரு சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். பெட்டிக்கடையில் முகம் பார்த்துத் தலை சீவுவார்களே, அந்த மாதிரி, தோளுக்கு மேலே பிடித்துப் பார்க்க வேண்டும்!

அளவு என்ன? வலது டாங்கியில் பாதிக்கும் குறைவு. இடது டாங்கியில் கால்வாசிக்கும் குறைவு.

பெட்ரோல் போடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன் என்றார் டென்வர். திருகை மாற்ற வேண்டி வந்தால், விமானத்தைத் தானாக ஓட்டும் "ஆட்டோ பைலட்" கருவியிடம் விட்டுவிட்டு நிதானமாகத் திருப்பிக்கொள்வேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

அவர் அவசரக்காரர் இல்லை. கிளம்புமுன் 20 நிமிடம் விமானத்தைச் சுற்றிச் சுற்றிச் சோதித்தார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கிண்ணத்தைக் கூட இரவல் வாங்கினார். எல்லாம் பார்த்தார். டாங்கியை நிரப்புவது ஒன்றைத்தான் விட்டார்.

புறப்பட்டார். ஓடுபாதையில் மூன்று முறை தொட்டுத் தொட்டு மேலே ஏறிப் பழகினார். பிறகு கடல் பக்கம் திரும்பினார். ஒரு மணி நேரம் என்று சொன்னவரின் கதை இருபது நிமிடத்துக்குள் முடிந்தது.

வலது கால் செய்த வேலை

அதே மாதிரி விமானத்தில் ஆளை உட்கார வைத்து அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். திருகைத் திருப்ப நாலு காரியம் செய்ய வேண்டியிருந்தது.

விமானத்தைப் பிடித்திருக்கும் கையை விட வேண்டும். தோள் வாரைத் தளர்த்த வேண்டும். இடுப்புக்கு மேலே உடம்பை முழுக்க இடது பக்கம் முறுக்க வேண்டும். அப்புறம், குறி எழுதாத திருகைக் குத்துமதிப்பாகத் திருப்ப வேண்டும்.

இதில்தான் எமன் உட்கார்ந்திருந்தான். உடம்பை இடது பக்கம் முறுக்கும்போது, வலது கால் தானாகவே எதையாவது உதைத்து முட்டுக் கொடுக்கும். பஸ்சில் பின் சீட்டுக்காரரிடம் சில்லறை வாங்கத் திரும்பிப் பாருங்கள், தெரியும். விமானத்தில் வலது காலுக்கு அடியில் இருப்பது சுக்கான் பெடல். அதை உதைத்தால் விமானம் வலது பக்கம் சாய்ந்து தாறுமாறாகும்.

உயரத்தில் இருந்தால் சமாளிக்கலாம். 500 அடியில் சமாளிக்க நேரம் ஏது?

மீட்டெடுத்த வால்வு இந்த டாங்கிக்கும் இல்லாமல், அந்த டாங்கிக்கும் இல்லாமல், இரண்டுங்கெட்டான் நிலையில் நின்றிருந்தது. பாவம், திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்.

1999-ல் தீர்ப்பு வந்தது. கவனம் சிதறி, தெரியாமல் வலது பெடலை மிதித்தது, கிளம்புமுன் பெட்ரோல் போடாதது ஆகியவை விமானியின் தவறு. எட்டாத இடத்தில் குறி இல்லாத திருகு, அளவு எழுதாத கண்ணாடி, போதாத பயிற்சி ஆகியவையும் விபத்துக்குத் துணை போனவை.

விமானத்தைக் கட்டியவர் நெருப்புக்குப் பயந்துதான் திருகை இடம் மாற்றினார். அவரைக் கொலைகாரர் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே திருகு முன்னால் இருந்திருந்தால் டென்வர் ஒரு விரலால் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்.

கத்துக்குட்டிகள் அல்ல!

பெட்ரோல் தீர்ந்து விழுவது ஏதோ எப்போதோ நடப்பது என்று எண்ண வேண்டாம்.

அதே வாரியம் 2017-ல் ஒரு எச்சரிக்கை விட்டது. அமெரிக்காவில் 2011 முதல் 2015 வரை, பெட்ரோலைச் சரியாகக் கவனிக்காததால் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட சின்ன விமானங்கள் விபத்துக்குள்ளாயின. விபத்துக் காரணங்களின் பட்டியலில் இதற்கு 6-வது இடம்.

யார் ஓட்டியவை? இங்கேதான் ஆச்சரியம். பயிற்சி மாணவர்கள் நூற்றுக்கு 2 பேர்தான். ஏறக்குறைய பாதிப் பேர் தொழில்முறை லைசென்ஸ் வைத்திருந்த பெரிய விமானிகள்! கருவிக் கோளாறு நூற்றுக்கு 5 விபத்தில்தான். மாணவன் பயந்து பயந்து டாங்கியைப் பார்க்கிறான். அனுபவசாலி, "வந்த தூரம் எனக்குத் தெரியாதா" என்று கிளம்பிவிடுகிறார்.

முள்ளை நம்பலாமே என்று கேட்கலாம். சின்ன விமானத்தில் பெட்ரோல் முள்ளை எந்த விமானியும் நம்ப மாட்டார். அதனால்தான் கிளம்புமுன் ஏணி போட்டு ஏறி, மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளக்கச் சொல்கிறார்கள். லாரி டிரைவர் செய்கிற அதே வேலை.

மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டாலும் ஆபத்து. இறக்கைக்கு மேலே ஓடும் காற்று டாங்கியிலிருந்து பெட்ரோலை வெளியே உறிஞ்சி எடுத்துவிடும். எதிர்க்காற்று பலமாக வீசினால் கணக்கு தப்பும். உயரத்தில் காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலைக் குறைத்து விடாவிட்டால் செலவு கூடும்.

விமானத்துக்கு விமானம் திருகு வேறு. இறக்கை மேலே இருக்கும் "செஸ்னா 172" விமானத்தில் பெட்ரோல் மேலிருந்து தானாக இறங்கும். திருகில் "இரண்டும்" என்று ஒரு நிலை உண்டு. இறக்கை கீழே இருக்கும் "பைப்பர் செரோக்கி"யில் அது கிடையாது. பம்ப்பு இழுத்துத்தான் வர வேண்டும். நேரம் பார்த்து விமானியே மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். மறந்தால் ஒரு டாங்கி நிறைய இருக்க, என்ஜின் நின்றுவிடும்.

போய்ச் சேர்ந்த பிறகும் பகலில் அரை மணி, இரவில் முக்கால் மணி பறக்கும் அளவுக்குப் பெட்ரோல் மிச்சம் இருக்கும்படி கிளம்ப வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். சட்டம் இருந்து என்ன? ஹெல்மெட்டுக்குக் கூடத்தான் சட்டம் இருக்கிறது.

என்ஜின் நின்றால்...

என்ஜின் நின்றதும் விமானம் கல் மாதிரி விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பருந்து இறக்கையை விரித்து மிதப்பது போல மிதந்து இறங்கும்.

செஸ்னா 172 மாதிரி விமானம் ஆயிரம் அடி உயரத்தில் இருந்தால், காற்றில்லாத நேரத்தில் இரண்டரை கிலோ மீட்டருக்குச் சற்று மேல் மிதந்து போகும். ஆனால் வேகம் சுமார் 120 கிலோ மீட்டர் இருக்க வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம் போகலாமே என்று மூக்கைத் தூக்கினால் வேகம் செத்து, விமானம் குப்புற விழும். பலர் சாவது பெட்ரோல் தீர்ந்ததால் அல்ல, இந்தப் பேராசையால்தான்.

விமானி உடனே ஒரு வயலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்த முடிவை மாற்றக் கூடாது. எதிர்க்காற்றில் இறங்க வேண்டும். உழுத வயல் என்றால் சாலோடு சாலாக இறங்க வேண்டும். மின்சாரக் கம்பி மேலிருந்து பார்த்தால் தெரியாது. கம்பத்தைத்தான் பார்க்க வேண்டும். தரை தொடுமுன் கதவைத் திறந்து வைக்க வேண்டும். மோதி நசுங்கினால் பிறகு திறக்காது.

பெட்ரோல் இல்லாததில் ஒரே ஒரு லாபம், தீப்பிடிக்கும் ஆபத்து குறைவு.

பெரிய விமானமே இப்படி மிதந்து தப்பியது உண்டு. 1983 ஜூலை 23-ந் தேதி கனடாவில் 69 பேருடன் போன ஏர் கனடா போயிங் 767 விமானத்தில், கிலோவுக்கும் பவுண்டுக்கும் கணக்குத் தப்பி, தேவையில் பாதிக்கும் குறைவாகப் பெட்ரோல் நிரப்பி விட்டார்கள். நடுவழியில் இரண்டு என்ஜினும் அவுட்! கேப்டன் ராபர்ட் பியர்சன் என்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். அங்கே அன்று கார் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஒரு உயிரும் போகவில்லை.

கடலுக்கு மேலே தன்னந்தனியாக

வயல் இருந்தால் இறங்கலாம். நாலு பக்கமும் கடல் என்றால்?

1978 டிசம்பர். கிறிஸ்துமசுக்கு மூன்று நாள்தான் பாக்கி. ஜே புரோக்னோ என்பவர் அமெரிக்கக் கடற்படையில் விமானியாக இருந்து ஓய்வு பெற்றவர். வயலுக்கு மருந்து தெளிக்கும் செஸ்னா 188 விமானத்தை அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கொடுப்பது அவருக்குக் கிடைத்த வேலை.

ஒரே என்ஜின். ஒரே ஆள். பசிபிக் மகா சமுத்திரம்.

கூட வந்த இன்னொரு விமானம் பாகோ பாகோ தீவில் கிளம்பும்போதே விழுந்து விட்டது. அதை ஓட்டியவர் பிழைத்தார். புரோக்னோ மறுநாள் தனியாகக் கிளம்பினார். போக வேண்டியது நார்போக் தீவு. கையில் 22 மணி நேரத்துக்குப் பெட்ரோல்.

தீவு வர வேண்டிய நேரம் வந்தது. தீவு வரவில்லை!

திசை காட்டும் ரேடியோ கருவி பழுதாகிப் பொய் சொல்லியிருக்கிறது. எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. கீழே எங்கு பார்த்தாலும் தண்ணீர். நியூசிலாந்தில் உள்ள ஆக்லாந்து நிலையத்துக்கு அபயக் குரல் கொடுத்தார்.

அந்த வட்டாரத்தில் பறந்துகொண்டிருந்தது ஏர் நியூசிலாந்து கம்பெனியின் டி.சி.10 ஜெட் விமானம் ஒன்றுதான். 88 பயணிகளுடன் பிஜித் தீவிலிருந்து ஆக்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் கோர்டன் வெட்டே. "நமக்கென்ன" என்று அவர் போகவில்லை. தேடக் கிளம்பிவிட்டார்.

எப்படித் தேடுவது? இந்த மூளையைப் பாருங்கள்.

சூரியனுக்கு நேராகத் திரும்பி, திசைமானி என்ன காட்டுகிறது என்று சொல் என்றார் வெட்டே. புரோக்னோ 274 டிகிரி என்றார். ஜெட் விமானத்தில் 270. பிறகு, கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே எத்தனை விரல் அடங்குகிறது என்று எண்ணச் சொன்னார். புரோக்னோவுக்கு நாலு விரல். வெட்டேவுக்கு இரண்டு விரல். சூரியன் அஸ்தமிக்கும் நேரம். யாருக்குச் சூரியன் உயரத்தில் தெரிகிறதோ அவர் மேற்கே இருக்கிறார் என்று அர்த்தம்!

விரல் விட்டு எண்ணியே ஜெட் விமானம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் குறுகிய தூர ரேடியோவில் குரல் கேட்டது. குரல் எங்கே மறைகிறது, எங்கே மறுபடி கேட்கிறது என்று குறித்துக்கொண்டு சுற்றி வளைத்தார்கள்.

அதன் பிறகு சூரியன் மறைந்த நேரத்தைக் கேட்டார்கள். நார்போக் தீவில் மறைந்த நேரத்தோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் ஏறக்குறைய 22½ நிமிடம். சூரியன் ஒரு டிகிரி நகர 4 நிமிடம் ஆகும். கணக்குப் போட்டால், புரோக்னோ தீவுக்குக் கிழக்கே சுமார் 290 கடல் மைலில் இருக்கிறார்!

இருட்டி விட்டது. பெட்ரோல் அடிமட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்போது கடலில் ஒரு வெளிச்சம். எண்ணெய்க் கிணறு தோண்டும் "பென்ராட்" மேடையைக் கப்பலில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அது இருக்கும் இடம் தெரிந்திருந்தது. கணக்கும் ஒத்து வந்தது. அங்கிருந்து தீவுக்கு நேர் வழி சொல்லி அனுப்பினார்கள்.

பக்கத்திலேயே இறங்கி மேடைக்காரர்களைக் காப்பாற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் இருட்டில் கடலில் இறங்குவது சாவுக்குச் சமம். மருந்து தெளிக்கும் விமானத்தின் சக்கரம் அலையில் பட்டால் போதும், குட்டிக்கரணம்தான். புரோக்னோ தீவை நோக்கியே போனார்.

நார்போக் தீவின் ஓடுபாதையில் அந்தச் செஸ்னா சக்கரம் பதித்தபோது, கிளம்பி 23 மணி 5 நிமிடம் ஆகியிருந்தது. போட்டிருந்த பெட்ரோல் 22 மணி நேரத்துக்கு.